ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியைத் தாண்டவில்லை. கொடுக்கிற வெப்பமெல்லாம் எங்கே போகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குடிவந்திருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், கொதிக்கிற தண்ணீரில் சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்திருக்கிறாள். 93-க்கு மேல் ஏறவில்லை. கேஸை முழுசாகத் திறந்துவிட்டும் அதே 93. புத்தகத்தில் 100 என்று போட்டிருக்கிறது. தெர்மாமீட்டர் கெட்டதா, கெடவில்லை என்றால் மேலே மேலே கொடுக்கிற வெப்பம் எங்கே போகிறது, திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஏன் வேகவே மாட்டேன் என்கிறது, மலை சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில்தானே இருக்கிறது, பிறகு ஏன் இந்தக் குளிர் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க நாலு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு பொருளுக்கு வெப்பத்தைக் கொடுப்பதும் அதன் வெப்பநிலை உயர்வதும் ஏன் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை? நெடுங்காலம் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இது பிடிபட்டால் மிச்சமெல்லாம் கணக்குதான்.

தெர்மாமீட்டரை முதலில் முடித்துவிடலாம். அதைச் சந்தேகப்பட்டால் கொதிநீரில் சோதிக்காதீர்கள், பனிக்கட்டியில் சோதியுங்கள். ஐஸைப் பொடியாக நொறுக்கி, ஒரு டம்ளரில் நிறையப் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். ஐஸ் உருகும் வெப்பநிலை காற்றழுத்தத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறுவதில்லை, ஊட்டியிலும் 0-தான், சென்னைக் கடற்கரையிலும் 0-தான். கொதிநிலை அப்படி இல்லை. இது புதிய சங்கதியும் இல்லை. 1742-இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் அளவுகோலை வெளியிட்டபோதே, பனி உருகும் புள்ளி நிலையாக நிற்கிறது, கொதிக்கும் புள்ளி காற்றழுத்தத்தோடு சேர்ந்து நகர்கிறது என்று எழுதியிருக்கிறார். அதனால் புத்தகத்தில் இருக்கும் 100-ஐ "கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில்" என்ற நிபந்தனையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நிபந்தனை பெரும்பாலும் அச்சில் இருக்கும், படிக்கும்போதுதான் விட்டுவிடுகிறோம்.

கொதித்தல் என்றால் என்ன என்று பார்த்தால் காரணம் தானே விளங்கும். தண்ணீர் எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டுதான் இருக்கிறது. கொதிக்கும்போது நடப்பது வேறு, தண்ணீருக்கு உள்ளேயே, அடியிலேயே நீராவிக் குமிழி உண்டாகி உடையாமல் மேலே வருகிறது. அந்தக் குமிழியை வெளிக் காற்றின் அழுத்தம் எந்நேரமும் நசுக்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தம் அதற்கு ஈடு கொடுத்தால்தான் குமிழி பிழைக்கும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு), நீராவி அந்த அழுத்தத்தை எட்ட 100 டிகிரி வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று அவ்வளவுக்குக் குறைவு, அழுத்தம் 77, 78 கிலோபாஸ்கல்தான் இருக்கும், கிட்டத்தட்ட முக்கால் பங்கு. நீராவி அதை 92, 93 டிகிரியிலேயே எட்டிவிடுகிறது. ஆக உங்கள் மகளின் தெர்மாமீட்டர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இதே கணக்கில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94-ஐ ஒட்டி வரும், கொடைக்கானலில் 93, தொட்டபெட்டா உச்சியில் 91, கீழே மேட்டுப்பாளையத்தில் 99. சுமாராக 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டில் மலைகளில் அலைந்த நில அளவையாளர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள், கனமான பாதரச பாரமானியைச் சுமப்பதற்குப் பதிலாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அது கொதிக்கும் வெப்பநிலையை வைத்து உயரத்தைக் கணக்கிட்டார்கள்.

சரி, கேஸைக் கூட்டினாலும் ஏன் 93-இலேயே நிற்கிறது? இதுதான் கேள்வியின் நடுமையம், கொஞ்சம் நிதானமாகப் போவோம். கேஸ் அடுப்பில் எரிகிற வெப்பத்தில் கணிசமான பங்கு பாத்திரத்தில் சேராமல் ஓரமாகப் போய்விடும், அதனால் கணக்குக்கு 1500 வாட் மின்சாரக் கெட்டில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வேண்டும், இதுதான் தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன். ஊட்டிக் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்தால், ஒரு லிட்டரை 93-க்குக் கொண்டுபோக 78 டிகிரி ஏற்ற வேண்டும், சுமார் 327 கிலோஜூல். கெட்டிலுக்கு மூன்றரை நிமிட வேலை. அப்புறமும் அணைக்காமல் விட்டால், அந்த ஒரு லிட்டரும் வற்றித் தீர எவ்வளவு ஆகும் தெரியுமா? இன்னொரு 2,275 கிலோஜூல், அதாவது 25 நிமிடம். இந்த 25 நிமிடமும் தெர்மாமீட்டர் அசையாது. ஏழு மடங்கு ஆற்றலை உள்ளே கொட்டியிருக்கிறோம், வெப்பநிலையில் ஒரு டிகிரி கூட ஏறவில்லை.

அந்த 2,275 கிலோஜூல்தான் உள்ளுறை வெப்பம். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைத்தான் கவனித்தார். உருகும் பனியும் கொதிக்கும் நீரும் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கின்றன, வெப்பநிலையோ மாறுவதில்லை, ஆகவே வெப்பத்தின் அளவும் வெப்பநிலையும் ஒரே பொருள் அல்ல என்று சொன்னார். வெப்ப இயக்கவியலே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். போன ஆற்றல் எங்கே என்பதற்கும் இன்று தெளிவான பதில் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து அனுப்பப் பெரும்பங்கு செலவாகிறது. மூலக்கூறுகளின் சராசரி வேகம் கூடவில்லை, அதனால் வெப்பநிலை கூடவில்லை, அவற்றுக்கு இடையிலான தூரம் மட்டும் கூடியிருக்கிறது.

இன்னொரு சிறு பங்கும் உண்டு, அதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊட்டியின் அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 2,100 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அவ்வளவு இடத்திலிருந்து காற்றைத் தள்ள வேண்டாமா? அழுத்தத்தையும் பருமன் மாற்றத்தையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 165 கிலோஜூல் வருகிறது. அதாவது கொடுத்த 2,275-இல் 165 வெளிக் காற்றைத் தள்ளும் வேலைக்குப் போகிறது, மிச்சம் 2,110 நீராவியின் அக ஆற்றலாக, அதாவது மூலக்கூறுகளின் அசைவிலும் பிடிப்பிலும் அடங்கியிருக்கும் ஆற்றலாகச் சேர்கிறது. கொடுத்த வெப்பத்திலிருந்து செய்த வேலையைக் கழித்தால் கிடைப்பது அக ஆற்றலில் ஏற்பட்ட மாற்றம். இதுதான் வெப்ப இயக்கவியலின் முதல் விதி, மகளின் புத்தகத்தில் ஒரே வரிச் சமன்பாடாக இருப்பது. மனப்பாடம் பண்ணுவதற்கு முன்னால் இந்தக் கொதிநீர்க் கணக்கை ஒரு தடவை அவள் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே அடுப்பைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வற்றும், சூடு கூடாது. கொதி வந்ததும் சிம்மில் வைத்தாலும் உள்ளே அதே 93-தான், காய்க்கும் பருப்புக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, கேஸ்தான் மிச்சம். உப்புப் போட்டால் கொதிநிலை உயருமே என்று யாராவது சொல்வார்கள். உயரும், ஆனால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான், ஒரு முழு டிகிரி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 60 கிராம் கொட்ட வேண்டும், அதை வாயில் வைக்க முடியாது.

மின்சாரக் கெட்டில் 100 டிகிரி ஆனால்தான் அணையும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியிருந்தால் ஊட்டியில் எந்தக் கெட்டிலும் அணையாது. சாதாரணக் கெட்டிலில் நீராவி போகிற ஒரு சிறு வழி இருக்கும், அதன் முனையில் ஈருலோகத் தகடு. கொதி வந்ததும் நீராவி அந்தத் தகட்டில் பட்டு, தகடு வளைந்து, மின்சாரம் துண்டிக்கப்படுகிறது, எத்தனை டிகிரியில் கொதித்தாலும் அதற்குக் கவலையில்லை. மின்சார ரைஸ் குக்கரும் உள்ளுறை வெப்பத்தை நம்பித்தான் ஓடுகிறது. தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் அடி கொதிநிலையிலேயே நிற்கும், தண்ணீர் தீர்ந்ததும் சட்டென்று ஏறும், அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் அது அணைகிறது.

இப்போது ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் வெப்பம் நிறைய "இருக்கிறது" என்று பேச்சில் சொல்கிறோம், ஆனால் இயற்பியல்படி வெப்பம் என்பது ஒரு பொருளுக்குள் இருப்பது அல்ல, வெப்பநிலை வேறுபாட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஆற்றல். உள்ளே இருப்பது அக ஆற்றல். ஊட்டி ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மழையாகவும் வருகிறது, ஓடையாகவும் வருகிறது, வந்து சேர்ந்தபின் ஏரியில் இருப்பது தண்ணீர் மட்டும், இதில் மழை எத்தனை லிட்டர், ஓடை எத்தனை லிட்டர் என்று பிரித்துக் கேட்க முடியாது. அதே மாதிரி ஒரு பொருளின் அக ஆற்றலை அடுப்பில் வைத்தும் உயர்த்தலாம், தேய்த்தோ கலக்கியோ, அதாவது வேலை செய்தும் உயர்த்தலாம், முடிந்தபின் எந்த வழியாக வந்தது என்ற அடையாளம் அதில் இருக்காது.

இதை மனிதர்கள் கண்டுபிடிக்கவே நெடுநாள் ஆனது. 18-ஆம் நூற்றாண்டில் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். மியூனிக்கில் பீரங்கிக் குழாய்களைக் குடைந்துகொண்டிருந்த இடத்தில், குடையக் குடைய வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருப்பதை ரம்ஃபோர்டு கவனித்து 1798-இல் எழுதினார். ஒரு பொருளுக்குள் அடைபட்ட திரவமாக இருந்தால் ஒரு கட்டத்தில் தீர வேண்டும் அல்லவா? பிறகு 1840-களில் ஜேம்ஸ் ஜூல், எடையைக் கீழே இறங்கவிட்டு அதன் மூலம் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தே காட்டிவிட்டார். ஒரு கலோரிக்கு 4.19 ஜூல் என்று இன்று நாம் எழுதும் எண் அந்த வழியில் வந்தது. அருவியின் அடியில் தண்ணீர் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும் என்பதும் அவர் வாதம். தேனிலவுக்குப் போன இடத்திலும் தெர்மாமீட்டரோடு அருவி தேடினார் என்று ஒரு கதை உலவுகிறது, அந்தக் கதையை நான் முழுசாக நம்பச் சொல்லமாட்டேன், ஆனால் கணக்கு உறுதியானது. நம் கோத்தகிரிப் பக்கத்துக் கேத்தரின் அருவியை 250 அடி, அதாவது 76 மீட்டர் என்று வைத்தால், விழுகிற ஆற்றல் முழுதும் சூடாக மாறினாலும் தண்ணீர் 0.18 டிகிரிதான் ஏறும். நிஜத்தில் அதையும் அளக்க முடியாது, விழும்போதே சாரலாகி ஆவியாவதில் அதைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும்.

பருப்புக்கு வருகிறேன். பருப்பு வேகாததற்குக் காரணம் கொதி போதாமை இல்லை, கொதிக்கிற தண்ணீரே ஏழு எட்டு டிகிரி குறைவாக இருப்பதுதான். வேதிவினைகள் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும் என்று ஒரு பொது விதி சொல்வார்கள். அதன்படி பார்த்தால் ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் ஆக வேண்டும். ஆனால் இது கைக்கணக்குதான், முதல் விதி மாதிரி உறுதியான விதி அல்ல. பருப்பு பழசா புதுசா, எத்தனை மணி நேரம் ஊறியது, தண்ணீர் உப்புத்தண்ணீரா நல்ல தண்ணீரா என்பதெல்லாம் இந்த எட்டு டிகிரி அளவுக்கே நேரத்தை மாற்றும். கடினநீரில் இருக்கும் கால்சியம் பருப்பை இறுக்கிவிடும் என்பது தெரிந்ததுதான். சமையலின் ரசாயனம் என் துறை இல்லை, அதனால் "இத்தனை நிமிடம்" என்று நான் எண் தரமாட்டேன்.

குக்கரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். நம் வீட்டு குக்கரின் வெயிட், வெளி அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, அதாவது சுமார் 100 கிலோபாஸ்கல் கூடினால் எழும்பும். "வெளி அழுத்தத்துக்கு மேல்" என்பதைக் கவனியுங்கள். சமவெளியில் உள்ளே மொத்தம் 200 கிலோபாஸ்கல், தண்ணீர் 120 டிகிரி வரை போகும். ஊட்டியில் மொத்தம் 177-தான், 116 டிகிரிதான். அதனால்தான் கீழே மூன்று விசிலில் வெந்த பருப்புக்கு இங்கே இன்னும் ஒன்றிரண்டு விசில் கேட்கிறது. அதைவிட நல்ல வழி, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடக் கணக்கில் விடுவது. விசில் என்பது நீராவி வெளியேறுவதன் சத்தம், அடுப்பு வேகமாக எரிந்தால் விசிலும் வேகமாக வரும், உள்ளே வெப்பநிலை அதனால் ஏறிவிடுவதில்லை.

சூரியனுக்குப் பக்கம் என்ற கேள்வி. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நாம் ஏறியது இரண்டே கால் கிலோமீட்டர், அது ஒரு பொருட்டே இல்லை. காரணம் மறுபடியும் அழுத்தமும் முதல் விதியும்தான். சமவெளியில் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழுகிறது. மேலே போகப் போகச் சுற்றிலும் அழுத்தம் குறைவு, அதனால் அந்தக் காற்று விரிகிறது. விரிவது என்றால் சுற்றியிருக்கும் காற்றைத் தள்ளுவது, அது ஒரு வேலை. அந்த வேலைக்கு வெளியிலிருந்து யாரும் வெப்பம் கொடுக்கவில்லை. அப்போது தன் அக ஆற்றலிலிருந்துதான் கொடுக்க வேண்டும், குளிர்ந்துவிடுகிறது. இதுதான் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. உலர்ந்த காற்று இப்படி ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். காற்றில் ஈரம் இருந்தால் வழியில் மேகமாகி, உள்ளுறை வெப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதால் குறைவாகக் குளிரும், சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி அதைவிட 1,830 மீட்டர் மேலே, பெருக்கினால் 12 டிகிரி. பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த எண் சரியென்று உடம்பே சொல்லும்.

ஆனால் இதை முழு விளக்கம் என்று நான் சொல்லமாட்டேன், பல புத்தகங்கள் இங்கே நிறுத்திவிடுகின்றன. ஊட்டியும் தரைதானே, அங்கேயும் வெயில் அடிக்கிறதே, அந்தத் தரை ஏன் காற்றைச் சூடாக்கவில்லை என்று புத்திசாலிப் பிள்ளை கேட்கும். சூடாக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த உயரத்தில் சுற்றிலும் திறந்த வெளியில் இருக்கும் குளிர்ந்த காற்று வந்து கலந்துகொண்டே இருக்கிறது. அதோடு மேலே காற்றும் நீராவியும் குறைவு என்பதால் தரை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் எளிதாக வானத்துக்குத் தப்பிவிடுகிறது. திபெத் மாதிரிப் பரந்த பீடபூமிகள், அதே உயரத்தில் இருக்கும் தனிச் சிகரத்தைவிடக் கோடையில் சூடாக இருப்பது, சுற்றுப்புறக் குளிர்காற்று வந்து கலப்பது அங்கே குறைவு என்பதால்தான்.

அந்தக் கதிர்வீச்சுதான் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கும் காரணம். மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் தங்கள் வெப்பத்தை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். தலைமட்டத்தில் தெர்மாமீட்டர் 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே கீழே புல்லில் வெள்ளை படர்ந்திருப்பது அதனால்தான், வானிலை அறிக்கை பொய் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், அதனால் தலைகுந்தா, காந்தல் மாதிரித் தாழ்ந்த இடங்களில் முதலில் விழுகிறது. பூங்காவில் நாற்றுகளை மிலார் என்கிற செடியைப் போட்டு மூடி வைப்பது வானத்துக்குப் போகும் கதிரைத் தடுக்கத்தான். இந்த மாதங்களில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இந்த மலைகளில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

முதல் விதியோடு நின்றால் பாடம் பாதிதான். ஆற்றல் அழியாது என்றால், ஆறிப்போன டீ பக்கத்துக் காற்றிலிருந்து ஆற்றலை எடுத்துத் தானே சூடாகலாமே, முதல் விதி அதைத் தடுக்கவில்லை. தடுப்பது இரண்டாம் விதி: வெப்பம் தானாகக் குளிர்ந்ததிலிருந்து சூடானதுக்குப் போகாது. அதன் வேர் நீராவி எஞ்சினில் இருக்கிறது, நமக்கோ அது கண்ணெதிரே ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் ரயில் வந்தது, கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் இன்றும் நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. எரிகிற எரிபொருளின் வெப்பம் முழுவதையும் ஏன் ஏற்றத்துக்குப் பயன்படுத்த முடியவில்லை? 1824-இல் சாடி கார்னோ பதில் சொன்னார். வெப்பத்திலிருந்து எடுக்கக்கூடிய வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை நிர்ணயிப்பது எஞ்சினின் வேலைப்பாடு அல்ல, சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலைகள்தான். அவர் அப்போது வெப்பத்தைத் திரவம் என்றே நம்பினார், ஆனாலும் முடிவு சரியாக வந்தது. பாய்லரில் நீராவி 190 டிகிரி, வெளியேறும்போது 100 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், கெல்வினில், அதாவது செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால், 463-ம் 373-ம். வித்தியாசமான 90-ஐ 463-ஆல் வகுத்தால் உச்சவரம்பு 19 சதவீதம்தான். நிஜ நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் 10 சதவீதத்தைக் கூடத் தொட்டதில்லை. மீதி வெப்பம் புகையிலும் நீராவியிலும் மலைக்காற்றில் கலக்கிறது. இந்தக் கணக்கை செல்சியஸில் போட்டால் தப்பாக வரும், கெல்வினில்தான் போட வேண்டும், தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். 1865-இல் கிளாசியஸ் பெயரிட்ட என்ட்ரோபி, அதாவது ஆற்றல் எவ்வளவு சிதறிப்போயிருக்கிறது என்பதன் அளவு, இதற்கு அடுத்த படி, அதை இந்தப் பதிலில் திணித்தால் அதற்கு நியாயம் செய்ததாக ஆகாது.

மகளுக்கு உடனடியாக உதவக்கூடிய ஒன்று. இயற்பியல் புத்தகத்தில் முதல் விதியில் வேலைக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், வேதியியல் புத்தகத்தில் கூட்டல் குறி இருக்கும். இரண்டும் சரிதான். இயற்பியலில் வாயு வெளியே செய்கிற வேலையைக் கணக்கில் எடுக்கிறோம், வேதியியலில் வாயுவின் மீது செய்யப்படும் வேலையை. இதை யாரும் சொல்லித் தராமல் வருடம் முழுக்கக் குழம்பிக்கிடந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பதை அவள் கையால் பார்க்க ஒரு சோதனை போதும். அரைக் கிலோ இரும்பு எடைக்கல்லை நூலில் கட்டிக் கொதிநீரில் பத்து நிமிடம் விடட்டும், அது 93 டிகிரிக்கு வந்துவிடும். பிளாஸ்க்கில், வாய் அகலமான பிளாஸ்க்காக இருக்கட்டும், அரை லிட்டர் குழாய்த் தண்ணீர் 16 டிகிரியில் இருக்கட்டும். கல்லை உதறிவிட்டு உள்ளே மெல்ல இறக்கி, மூடி, ஆட்டிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருங்கள். சம எடை என்பதால் நடுவில் 54, 55 வரும் என்று எதிர்பார்ப்பாள். வருவது 24-ஐ ஒட்டித்தான், ஏனென்றால் இரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் தண்ணீருடையதில் ஒன்பதில் ஒரு பங்குதான். 23 வந்தால் மிச்சம் வழியிலும் பிளாஸ்க்கின் சுவரிலும் போயிருக்கிறது, எவ்வளவு என்று அவளே கணக்கிடலாம். 25-க்கு மேல் வந்தால் கல்லோடு சேர்ந்து சுடுதண்ணீரும் உள்ளே போயிருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி செய்யட்டும்.